வயர் எரித்த நாற்றம்

இந்தக் கதையை நான் எட்டு வருடமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறேன், தம்பி. சொன்னவன் என் மச்சினன் வெள்ளியங்கிரி, என் மனைவியோடு பிறந்த தம்பி. அவனைப் பொய்யன் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொன்னதில்லை. ஆனால் அவன் சொன்ன அந்த ஒரு விஷயம் மட்டும் பல் இடுக்கில் மாட்டின பாக்குத் துணுக்கு மாதிரி. நாக்கு போய்ப் போய் அதையே தொடும். வெளியேயும் வராது, உள்ளேயும் போகாது.

கொஞ்சம் காலைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சாக்கில் இருப்பது டேபிள் ஃபேன்தான், கடிக்காது. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொல்கிறான். எனக்குப் பின் சீட்டில் ஒரு அம்மா முழுப் பலாப்பழத்தைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருக்கிறாள், அதற்கு டிக்கெட் இல்லை. சரி, விடுங்கள். இது வெள்ளியங்கிரி வீட்டு ஃபேன். பொள்ளாச்சியில் அவன் வீட்டிலிருந்துதான் வருகிறேன். ரிப்பேரா என்று கேட்கிறீர்களா? இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் கொடுத்தானா என்றால், தடுக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். உக்கடம் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடுவேன்.

என் பெயர் சென்னியப்பன். கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வைண்டிங் பார்த்தேன். வைண்டிங் என்றால் மோட்டாரின் வயிற்றுக்குள் செம்புக் கம்பியைச் சுருட்டி இறக்குவது. பாதி வாழ்க்கையை அதற்குள் இறக்கினேன். ஐம்பது வயது ஆவதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள். கடைசி நாளன்று எல்லோருக்கும் சால்வை போர்த்தினார்கள். மோட்டார் சுற்றுகிறவனுக்கு எதற்குச் சால்வை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கொசுவலையாவது கொடுத்திருக்கலாம்.

வேலை போனால் ஆண்பிள்ளைகள் கோயிலுக்குப் போவார்கள், இல்லை டீக்கடைக்குப் போவார்கள். நான் வீட்டிலேயே இருந்தேன். அதுதான் வசந்தாமணிக்குப் பொறுக்கவில்லை. அவள் என் மனைவி. "இப்பிடியே ஃபேனுக்கடில உக்காந்திருந்தீங்கன்னா, ஃபேனுக்கே சலிச்சுப் போயிருமுங்க" என்பாள்.

ஒரு நாள் சட்னி அரைக்கும்போது மிக்ஸி புகைந்து செத்தது. "உங்க மூஞ்சிய நாள் பூரா பாத்தா அது என்னங்க பண்ணும்" என்றாள். நான் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னால் துவைக்கிற கல்லின்மேல் வைத்துப் பிரித்தேன். உள்ளே செம்பு. எவனோ என்னைப் போல ஒருத்தன் சுற்றி இறக்கியிருக்கிறான். ஒரு பக்கத்துச் சுருளை உளியால் வெட்டிவிட்டு, மறுபக்கத்தைக் குறடால் பிடித்து இழுத்தேன். பல் பிடுங்கின மாதிரி வந்தது. வலியில்லாத பல். இத்தனை காலம் உள்ளே இறக்கினதை அன்றுதான் முதல் தடவையாக வெளியே எடுக்கிறேன். ஊர் முழுக்கக் கல்யாணம் செய்து வைத்த ஒருவன் கடைசிக் காலத்தில் விவாகரத்து வாங்கிக் கொடுக்கிற தொழிலுக்குப் போனால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சுகம்.

அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. தெருவில் செத்த சாமானெல்லாம் என் வீட்டுக்கு வந்தது. இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர் மோட்டார், ஒழுகுகிற பித்தளைக் குழாய், குளிர்ப்பெட்டியின் கம்ப்ரசர், டியூப்லைட்டின் சோக். இரும்பு ஒரு பக்கம், அலுமினியம் ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம், செம்பு மட்டும் பழைய அரிசி டிரம்மில். மாநகராட்சி வண்டி தினமும் காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து, குப்பையைப் பிரித்துக் கொடுங்கள் என்று கெஞ்சுகிறது. நான் பிரித்தால் மட்டும் குடியிருப்போர் சங்கத் தலைவர் வந்து, "சார், இது ரெசிடென்ஷியல் ஏரியா" என்கிறார். அவர் வீட்டு ஏ.சி. செத்தபோது அதே ரெசிடென்ஷியல் ஏரியா வழியாகத்தான் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருப்பேன். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்தது. எந்தச் சாமான் வந்தாலும் முதலில் காந்தம். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் மேற்கொண்டு பேசலாம். காந்தத்துக்குச் சொந்தம் பந்தம், சாதி சனம் எதுவும் கிடையாது, தம்பி. இதை நான் பிற்பாடு ஒரு கல்யாண மேடையில் மைக்கில் சொன்னேன். அந்தக் கல்யாணமும் வரும், பொறுங்கள்.

எங்களுக்கு ஒரே பெண், கோகிலவாணி. அப்போது ஒரு ஸ்கூலில் டீச்சராக இருந்தாள். வசந்தாமணி மாதிரி அவள் என்னைக் கிண்டல் செய்யவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஆரம்பத்தில் தெரியாமல் ஒரு கட்டு வயரை எரித்துவிட்டேன். மேலே இருக்கிற பிளாஸ்டிக்கை எரித்தால் செம்பு சுலபமாகக் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். தெருவே இருமியது. "அப்பா, இன்னொரு தடவ எரிச்சீங்கன்னா நான் ஹாஸ்டலுக்குப் போயிருவேன்" என்றாள். அதோடு சரி. பிறகு எல்லாம் பிளேடால் உரிப்பதுதான். விரலெல்லாம் கீறல். ஆனால் எரித்த செம்பு கறுத்துப்போய் ரெண்டாம் தரம் ஆகிவிடும். உரித்த செம்பு அப்படியே மினுங்கும். அன்றைக்குப் பிறகு என் வீட்டில் ஒரு முழம் வயர்கூட எரிந்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த சாமானைப் போடுகிற இடம் தங்கப்பழம் அண்ணாச்சியின் பழைய இரும்புக் கடை. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். அண்ணாச்சி வரவு செலவு பார்ப்பார். எடை போடுவது அவர் மகன் இசக்கிராஜா. டிப்ளமா படித்த பையன், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டான்.

கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவது கோகிலா. அவள் ஸ்கூட்டரில் காலடியில் சாக்கு, பின்னால் நான். "நீங்க ஆட்டோவுல போனா ஆட்டோக்காரனோட சண்ட கட்டுவீங்க, நானே வர்றேன்" என்பாள். சனிக்கிழமை தவறாது. சில வாரம் சாக்கு நிறையாமல் இருக்கும். அடுத்த வாரம் போகலாமே என்றால், "அந்தப் பின்னாடிக் குழாய் ஒழுகுதுப்பா, அதயும் கழட்டிப் போட்டுரலாம்" என்று அவளே யோசனை சொல்வாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு மறுசுழற்சி மேல் எவ்வளவு அக்கறை என்று அப்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

பழைய இரும்புக் கடையில் எடை போடும்போது எங்கே பார்க்க வேண்டும், சொல்லுங்கள். எண்ணைப் பார்க்கக் கூடாது. கையைப் பார்க்க வேண்டும், காலைப் பார்க்க வேண்டும். சாக்கின் அடியில் பெருவிரலைக் கொடுத்து லேசாகத் தூக்கிவிட்டால் போதும், உங்கள் செம்பு பஞ்சாகிவிடும். நான் கம்பெனிக்காரன், என்னிடம் நடக்குமா? ஒரு தடவை இசக்கிராஜாவின் கால் எடை மேடையின் ஓரத்தில் இருந்தது. "காலை எடு!" என்று ஒரு அதட்டுப் போட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. பையன் வெலவெலத்துப்போய்க் காலை எடுத்தான். எண் குறைந்தது. பார்த்தீர்களா, நான் போட்ட அதட்டில் மெஷினே ஆடிப்போய்விட்டது. "மறுபடி போடு" என்றேன். பையன் சாக்கைத் தூக்கி, என் முதுகுப் பக்கமாகச் சுற்றி வந்து மறுபடி போட்டான். பழைய எண்ணே வந்தது. அந்த ஊரில் என்னிடம் வாலாட்ட முடியாது என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இதில் ஒரு விசித்திரம். என் வீட்டில் ஒரு தொங்கு தராசு இருந்தது. கொக்கியில் சாமானை மாட்டினால் ஸ்பிரிங் இழுத்து முள் காட்டும். என் அப்பா பருத்தி வியாபாரம் செய்தபோது வைத்திருந்தது. சுற்று வட்டாரத்துத் தோட்டத்துக்காரர்களிடம் அதில் எடை போட்டுத்தான் பருத்தி வாங்குவார். எடையில் சுத்தமான மனுஷன் என்று அவருக்குப் பெயர். கடைக்குக் கிளம்பும்முன் நான் அந்தத் தராசில் சாக்கை மாட்டிப் பார்ப்பேன். அண்ணாச்சி கடையில் போட்டால் ஒவ்வொரு தடவையும் அதைவிடக் கூடத்தான் காட்டும்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். பழைய இரும்புக் கடைக்காரன் குறைத்துப் போடுவானே தவிரக் கூட்டிப் போடுவானா? மாட்டான். அப்படியானால் தப்பு எங்கே? என் வீட்டுத் தராசில். அது குறைவாகக் காட்டுகிறது. குறைவாகக் காட்டுகிற தராசில் பருத்தி விற்றால் நஷ்டம். வாங்கினால்? என் அப்பா வாங்குகிறவர், தம்பி.

ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. எத்தனை தோட்டத்துக்காரர்கள், எத்தனை மூட்டை. என்னைப் படிக்க வைத்த ஃபீஸ், வசந்தாமணியின் கழுத்தில் நான் கட்டின தாலி, எல்லாம் அந்த முள்ளுக்கும் உண்மைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் வந்ததா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தராசைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். முகப்பு பித்தளை, ஸ்பிரிங் எஃகு, கொக்கி இரும்பு. பிரித்துச் சாக்கில் போட்டு அண்ணாச்சி கடைக்குக் கொண்டுபோனேன்.

இசக்கிராஜா அந்தப் பித்தளை முகப்பைக் கையில் எடுத்துப் பார்த்தான். "இது நல்ல தராசுல்லா, எதுக்கு ஒடைச்சிய?" என்றான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "பொய் சொல்ற தராசு எனக்கு வேண்டாம் தம்பி. உங்க தராசுதான் சத்தியம்" என்றேன். பையன் முகம் செத்துப்போய்விட்டது. கோகிலாவைப் பார்த்தான். அவள் ஸ்கூட்டர் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாராட்டினால் கூச்சப்படுகிற பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் சித்திரையில்தான் வெள்ளியங்கிரி ஒரு வரன் கொண்டுவந்தான். உடுமலைப் பக்கம் தோட்டம், தென்னந்தோப்பு, பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர். பையனின் அப்பா பெயர் தண்டபாணி. பெண் பார்க்க வருகிற அன்று வசந்தாமணி என்னிடம் விரலை நீட்டிச் சொன்னாள்: "ஒரு ஆணி கண்ணுல படக்கூடாது. பட்டுச்சுன்னா உங்களையும் எடைக்குப் போட்டுருவேன்." நான் எல்லாவற்றையும் ஒளித்து வைத்தேன். எங்கே என்றால் கூடத்தில் இருந்த கட்டிலுக்கு அடியில். மேலே நல்ல போர்வை விரித்துத் தரைவரை தொங்கவிட்டேன். வந்தவர்களும் அதன்மேல்தான் உட்கார்ந்தார்கள். தண்டபாணி காலை ஆட்டுகிற பழக்கமுள்ள ஆள். ஆட்டும்போதெல்லாம் கட்டிலுக்கு அடியில் கோயில் மணி கேட்டது.

அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். பையனின் அம்மா பூவும் பழமும் ஒரு பெரிய வெள்ளித் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். "எங்கம்மா சீராக் குடுத்த தட்டுங்க, சுத்த வெள்ளி" என்று சொல்லி என்னிடம் நீட்டினார்கள். நானும் மரியாதையாக ரெண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்தேன். டப்பென்று ஒரு சத்தம்.

சட்டைப் பைக் காந்தம். தட்டு என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

கையை எடுத்தால்கூட விழாது போலிருந்தது. யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நானே சொன்னேன்: "மேலதாங்க வெள்ளி. உள்ள இரும்பு." விவரமாகச் சொன்னால் சங்கடம் குறையும் என்று நினைத்தேன். வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டாள். பையனின் அம்மா முகத்தில் குங்குமம் எது முகம் எது என்று தெரியவில்லை. தண்டபாணி மட்டும் தொடையில் அடித்துச் சிரித்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்ல, உங்கம்மா வெள்ளின்னு சொல்லி என் தலையில கட்டிருச்சுன்னு!" என்றார். அப்புறம் அவரே கட்டில் போர்வையைத் தூக்கிப் பார்த்து, ஒரு கம்ப்ரசரை வெளியே இழுத்து, "எங்க தோட்டத்துல நாலு மோட்டார் செத்துக் கெடக்குதுங்க, என்ன தேறும்?" என்று ஆரம்பித்துவிட்டார். பையனும் கோகிலாவும் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். இறங்கி வந்தபோது பையன் முகம் வாடியிருந்தது. சித்திரை வெயில், பெங்களூர்க்காரனுக்குத் தாங்குமா?

இதெல்லாம் நடந்தபோது வெள்ளியங்கிரி வீட்டில் இல்லை. வெற்றிலை வாங்க மறந்துவிட்டது என்று வசந்தாமணி அவனைக் கடைக்குத் துரத்தியிருந்தாள். அவன் திரும்பி வந்தபோது நானும் தண்டபாணியும் தரையில் உட்கார்ந்து கம்ப்ரசரைத் தட்டிக்கொண்டிருந்தோம். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் வெள்ளியங்கிரி வந்தான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "மாமா, அவங்க வேண்டாம்னுட்டாங்க" என்றான்.

"என்னவாம்?"

"பொண்ணு தங்கமாட்டம் இருக்குதாம். வூட்டுல வயர் எரிச்ச நாத்தம் தாங்கலையாம். 'பழைய இரும்பு நோண்டற வூட்டுல பொண்ணெடுத்தா, நாளைக்குச் சம்பந்தி வந்து நம்ம வூட்டுக் கேட்டயும் கழட்டிட்டுப் போயிருவாரு'ன்னு அந்தம்மா சொல்லிப்போட்டாங்க."

வசந்தாமணி ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். அவள் பேசாமல் போவது அதிசயம். கோகிலா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். என் பெண்ணை என் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி படுத்தபோதுதான் அந்தப் பாக்குத் துணுக்கு பல்லில் மாட்டியது. வயர் எரித்த நாற்றமா? என் வீட்டில் வயர் எரிந்தே பல மாதம் ஆயிற்று. அன்றைக்குச் சாம்பிராணி வாசனைதான் இருந்தது. சரி, கேட்டைக் கழட்டிக்கொண்டு போவேன் என்றார்களா, அது நியாயம், யாருக்கும் தோன்றும். ஆனால் தட்டு? சம்பந்தி ஆகப்போகிறவன் நெஞ்சில் தன் அம்மா வீட்டு வெள்ளித் தட்டு ஒட்டிக்கொண்டு தொங்கினதைப் பார்த்த ஒரு அம்மாள், வேண்டாம் என்று சொல்ல நாற்றத்தையா தேடுவாள்? தட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! எப்படிப் புரட்டினாலும் இந்த இடத்தில் இடித்தது. ஆனால் வெள்ளியங்கிரியிடம் போய், நான் அவமானப்பட்டதில் ஒரு அவமானம் குறைகிறதே என்று எப்படிக் கேட்பது?

சந்தேகம் ஒரு பக்கம், குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். குற்ற உணர்ச்சிக்குத்தான் எடை அதிகம். எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டினேன். டிரம், உளி, குறடு, சுத்தியல் எல்லாம் அண்ணாச்சி கடைக்குப் போயிற்று. காந்தத்தைக்கூடக் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் ஒரு வரனும் வரவில்லை. ஜாதகம் வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பிக் கூப்பிடவில்லை. நாற்றம் உடுமலையிலிருந்து ஊரெல்லாம் பரவிவிட்டது என்று நினைத்தேன். ஃபேனுக்கடியில் உட்கார்ந்தேன். ஃபேனுக்கும் எனக்கும் சலிப்பு.

உட்கார்ந்து யோசித்ததில்தான் எனக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. பழைய இரும்பு வீட்டுப் பெண்ணை யார் எடுப்பார்கள்? பழைய இரும்பு வீட்டுக்காரன்தான் எடுப்பான். எனக்கு எப்போதும் குறைவில்லாமல் எடை போட்ட நல்ல குடும்பம் ஒன்று இருக்கிறதே! நம் ஆட்கள் இல்லை, வேறு ஆட்கள், ஊர் வேறு, பேச்சு வேறு. அதனால் என்ன? காந்தம் என்ன சொல்கிறது?

யாரிடமும் கேட்காமல் நேராகக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, எம் பொண்ணை உங்க பையனுக்குக் கட்டிக் கொடுக்கறதா முடிவு பண்ணியிருக்கேன். உங்களுக்குச் சம்மதமா?" என்றேன். டீ அவர் வேட்டியில் கொட்டியது. உள்ளே எதுவோ பெரிதாக விழுந்த சத்தம். எட்டிப் பார்த்தால், இசக்கிராஜா சுத்தியலைக் காலில் போட்டுக்கொண்டு நிற்கிறான். நொண்டவில்லை, சிரிக்கிறான். அவ்வளவு மரியாதை என் மேல்.

"நீங்களே கேக்கியளா மொதலாளி? நெசமாவா?" என்றார் அண்ணாச்சி. பிறகு கடவுள் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

வீட்டில்தான் யுத்தம் என்று தயாராகப் போனேன். "சாதி பாக்காம முடிவு பண்ணிட்டேன், யாரு குறுக்க வந்தாலும் கேக்க மாட்டேன்" என்று நடையிலேயே நின்று கத்தினேன். வசந்தாமணி கேட்டாள்: "சரிங்க. காப்பி குடிக்கிறீங்களா?" கோகிலா தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க சொன்னா சரிதானுங்கப்பா" என்றாள். இந்தக் காலத்தில் எந்தப் பெண் அப்படிச் சொல்வாள், சொல்லுங்கள். எதிர்ப்புத் தெரிவித்த என் பங்காளிகள் நாலைந்து பேரை நானே போய்ச் சண்டைபோட்டு வாயடைத்தேன். வெள்ளியங்கிரிதான் என் கூடவே நின்றான். "மாமாவோட முடிவு, யாரும் மூச்சு விடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மேடையில் மைக் பிடித்துக் காந்தத்தைப் பற்றிப் பேசினேன். நல்ல கைதட்டல். இப்போது பேரன் ஸ்கூலுக்குப் போகிறான். மாப்பிள்ளை இசக்கிராஜா கடையைப் பெரிசாக்கிவிட்டான், கம்பெனிகளிலிருந்து பழைய கம்ப்யூட்டரெல்லாம் மொத்தமாக எடுக்கிறான். என் யோசனையால் விளைந்தது இவ்வளவும். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை போன வாரம் வந்தது. உடுமலையில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். திரும்பிப் பார்த்தால் தண்டபாணி! எனக்கு இலையோடு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"காந்தம் இருக்குதுங்களா, பையில?" என்று தடவிப் பார்த்தார். "அந்தத் தட்ட எம் பொண்டாட்டி அப்புறம் வெளிய எடுக்கவே இல்லீங்க. மனசு விட்டுச் சொல்றேன், உங்க வூட்டுச் சம்பந்தம் அமையலன்னு எனக்கு ரொம்ப வருத்தம்."

"நீங்கதானேங்க வேண்டாம்னு சொன்னீங்க?" என்றேன்.

அவர் கையில் எடுத்த வடையை இலையில் வைத்தார். "நாங்களா? உங்க மச்சினரு போன் பண்ணி, பொண்ணுக்கு இஷ்டமில்லைங்க, மன்னிச்சுக்குங்கன்னு சொன்னாரு. எம் பையன்கிட்டயே அந்தப் பொண்ணு மாடியில சொல்லிருச்சாமே. அவனும் நல்லவனாட்ட வாய மூடிக்கிட்டான்."

பாயசம் வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இனித்ததா என்று கேட்காதீர்கள்.

ஒரு வாரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் பொள்ளாச்சிக்குக் கிளம்பினேன். வெள்ளியங்கிரி மனைவி சாப்பாடு போட்டாள். பொய் சொன்னவன் வீட்டுச் சோறு என்று நான் தள்ளவில்லை, ரசம் அவ்வளவு நன்றாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு அவன் இந்த டேபிள் ஃபேனைப் போட்டுக்கொண்டு சாய்ந்தான். நான் தண்டபாணி சொன்னதைச் சொன்னேன்.

எழுந்து உட்கார்ந்தான். மறுக்கவில்லை. அதுதான் வெள்ளியங்கிரி.

"வேற என்ன பண்றது மாமா? அவங்க போனதும் கோகிலா அழுகுது. அந்த எடை போடற பையனத்தான் கட்டுவேன்னுது. 'இவருகிட்ட நேரா சொன்னா எகிறிக் குதிப்பாரு. அவரா யோசிச்சாருன்னா அவரே போய்க் கேட்டுட்டு வருவாரு'ன்னு அக்காதான் சொல்லுச்சு. அதான் பழிய இரும்பு மேல போட்டோம். இரும்புக்கென்ன, அதுக்கு வலிக்கவா போவுது?"

"வசந்தாவும் கூட்டா?"

"ஜாதகம் வாங்கிட்டுப் போனவங்களுக்கெல்லாம் பதில் சொன்னதே அக்காதானுங்க."

"அன்னிக்குச் சுவத்தப் பாத்துட்டு அழுதாளே?"

"சிரிச்சுச்சு மாமா. கேட்டக் கழட்டிட்டுப் போயிருவீங்கன்னு நான் சொன்னதும் அதுக்குத் தாங்கல."

என் கை சும்மா இருக்கவில்லை. ஃபேனை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, முன்கூண்டைக் கழட்ட ஆரம்பித்தேன். அவன் வேர்த்து வடிய உட்கார்ந்திருந்தான். "எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"என்னது?"

"ரெண்டு பேருக்கும்."

"நீங்க மொத மொத சாக்கு கொண்டுட்டுப் போன காலத்துல இருந்தே மாமா. கடையில எல்லாருக்கும் தெரியும். நீங்க எடைக்குக் குனிஞ்சா, அதுக ரெண்டும் உங்க தலைக்கு மேல..." முடிக்காமல் விட்டான்.

கோபம் வந்ததா என்று கேட்காதீர்கள், வந்த மாதிரியும் இருந்தது. என் பெண் நன்றாக இருக்கிறாள். அவளுடைய கல்யாணத்தை நான் கெடுக்கவில்லை. எட்டு வருடமாகச் சுமந்த மூட்டை இறங்கிவிட்டது. சிரித்துவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் கூண்டைக் கழட்டிக் கையில் வைத்தபோது அந்தக் கால் ஞாபகம் வந்தது, தம்பி. எடை மேடையின் ஓரத்தில் இருந்த இசக்கிராஜாவின் கால். நான் அதட்டினேன், எடுத்தான், எண் குறைந்தது. திருடுகிற கால் என்றால் எடுத்ததும் எண் கூடியிருக்க வேண்டும். குறைந்தது. அப்புறம் அவன் என் முதுகுப் பக்கம் சுற்றிப் போய் மறுபடி போட்டதும், வாரா வாரம் எடை கூட வந்ததும், தராசு முகப்பைக் கையில் வைத்துக்கொண்டு முகம் செத்துப்போய் நின்றதும்.

எட்டு வருடமாக அப்பாவுக்குத் திதி கொடுக்கும்போது பிண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை மூட்டை என்றுதான் நினைத்திருக்கிறேன்.

வெள்ளியங்கிரி, "மாமா, ஏதாவது பேசுங்க. திட்டுங்க. பயமா இருக்குது" என்றான்.

நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப, எங்கப்பன் தராசு சரியாத்தான் காட்டுச்சா?"